வார மாத்திரைக்குக் கட்டம் இல்லை

நோயாளிக்குத் துணையிருப்பது ஊதியமற்ற உத்தியோகம். அதில் நாம் செய்யும் பிழைக்குரிய தண்டனையைக் கட்டிலில் படுத்திருப்பவர் அனுபவிப்பார் என்பது அதன் தனிச்சிறப்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்திருந்து, "பேஷண்ட் கூட யாரு?" என்ற குரல் கேட்டதும் செருப்பைத் தேடியவர்கள் அனைவருக்கும் இக்குறிப்புகள் உரியவை. நீங்களும் அப்படித் தேடியவராகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இனித் தேடுவீர்கள்.

என் பழைய தொழில் வேறு. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். விடுமுறை நாள்களில் முகையூர் முதல் மயிலம் வரை ஊர் ஊராகச் சென்று, ஒரே நடவுப் பாட்டும் ஒரே ஒப்பாரியும் வாய்க்கு வாய் எந்தச் சொல்லில் மாறுகின்றன என்று குறித்துவந்தேன். ஓய்வு பெற்ற பின், என் தங்கை பச்சையம்மாளுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை என்று முடிவானபோது, "எதையும் உடாம எழுதி வெச்சிக்கிற ஆளு நீதான்" என்று சொல்லிக் குடும்பத்தார் இந்த உத்தியோகத்தை எனக்கு அளித்தார்கள்.

தங்கைக்கு முடக்குவாதம். அதற்காக விழுப்புரத்து மருத்துவர் இரண்டு மாத்திரைகள் கொடுத்திருந்தார். ஒன்று வெள்ளிக்கிழமை மட்டும். மற்றொன்று, முதலாவதன் கெடுதலைத் தணிக்கும் வைட்டமின். அது மற்ற ஆறு நாளும். வெள்ளிக்கிழமை மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் வாய் முழுதும் புண்ணாகும், இரத்த அணுக்கள் குறையும், உயிரும் போகலாம் என்று அவர் தங்கையையும் என்னையும் நிற்கவைத்து எச்சரித்திருந்தார். ஆகவே என் பொறுப்பு ஒரு வரியில் அடங்கும்: திண்டிவனத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் தங்கையின் முழங்காலைச் சரிசெய்வது, அந்த மாத்திரையை வெள்ளிக்கிழமையைத் தாண்டவிடாமல் காப்பது, மயிலத்துக்கு அருகிலுள்ள அவள் ஊருக்கு அவளை முழுசாகத் திருப்பி அனுப்புவது.

மேசைக்கு மேசை மாறும் கதை

மருத்துவமனையில் சேருமுன் நோயாளியின் வரலாற்றை ஐந்து மேசைகளில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர், முந்தைய மேசையில் எழுதியதைப் படிக்காமல், "என்ன பண்ணுது?" என்று புதிதாகத் தொடங்குவார். முதல் மேசையில் தங்கையின் மகள் செல்வி, "பதினஞ்சு வருசமா முட்டி வலிங்க" என்றாள். இரண்டாவதில், "அப்பா காரியத்தப்ப கீழ வுழுந்துட்டாங்க, அதுலேர்ந்து ஜாஸ்திங்க" என்று ஒரு கிளைக்கதை சேர்ந்தது. மூன்றாம் மேசைக்காரர் பதினைந்து ஆண்டை வெட்டிவிட்டுக் கீழே விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டார். நான்காவதில் வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார்கள். "அப்பாவுக்கு இருந்திச்சிங்க" என்றாள் செல்வி. ஐந்தாம் மேசையை அடைவதற்குள் காலஞ்சென்ற கணவரின் சர்க்கரை நோய், கோப்பில் மனைவியின் பெயருக்கு எதிரே வந்து அமர்ந்துவிட்டது.

ஒருவர் கதை மற்றொருவர் மீது ஏறுவதைப் பாட்டில் பலமுறை இரசித்திருக்கிறேன். பாட்டில் அதனால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. இதற்கு மாற்று எளிது. நோய், மருந்து, ஒவ்வாமை, முன்பு செய்த அறுவை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, ஐந்து மேசையிலும் அதே தாளை நீட்டுவது. நான் எழுதினேன், நீட்டினேன். "நீங்களே சொல்லிடுங்க சார், படிச்சிகினு இருக்க நேரம் இல்ல" என்றார்கள். அன்று பகல் தங்கைக்குச் சர்க்கரை நோயாளியின் உணவு வந்தது. அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவரு இருந்த வரைக்கும் அவரு சக்கரைக்கு நான் பத்தியம் ஆக்கிப் போட்டேன். அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது, இப்ப அந்தப் பத்தியத்த நானே துன்னணுமா?"

ஏழாம் கட்டிலும் ஒன்பதாம் கட்டிலும்

எங்கள் பக்கத்தில் பச்சையம்மா என்று தெருவில் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள். வார்டில் இருவர் இருந்தனர். ஏழாம் கட்டிலில் என் தங்கை. ஒன்பதாம் கட்டிலில், வயிற்று அறுவைக்காக வல்லத்திலிருந்து வந்த ஓர் அம்மையார். பயிற்சிச் செவிலி ஒருத்தி தள்ளுவண்டியோடு வந்து, "பச்சையம்மாதான நீங்க?" என்று தங்கையைக் கேட்டாள். தங்கை, "ஆமாம்மா" என்றாள். வெள்ளுடை அணிந்த படித்த பெண் எதைக் கேட்டாலும் எங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் ஆமாம் என்பார்கள். அது விடையன்று, மரியாதை. செவிலியும் பொறுப்பில்லாதவள் அல்லள். உறுதி செய்துகொள்ளக் கணவர் பெயரைக் கேட்டிருக்கிறாள். கணவர் இறந்த பின்னும் அவர் பெயரைச் சொல்லாதவள் என் தங்கை. வெட்கப்பட்டுச் சிரித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்பையே சான்றாக ஏற்று, ஒன்பதாம் கட்டிலுக்குரிய எனிமாவை ஏழாம் கட்டிலுக்குக் கொடுத்து முடித்துவிட்டாள். துணையிருந்த நான் அப்போது தேநீர்க் கடையில் துணையிருந்தேன்.

மூத்த செவிலி ஸ்டெல்லா வந்தார். ஐம்பதை நெருங்கியவர், குரலை உயர்த்தாதவர். "நீங்க இன்னாரான்னு கேக்காத. உங்க பேரு என்ன, எந்த ஊரு, எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேளு. அவங்க வாயால வரட்டும். அப்பால கையில கட்டியிருக்கற நம்பரப் பாரு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். மருத்துவமனை முழுதும் சுவரில் ஒட்டியிருந்த வழிகாட்டு நெறிகளைக் காட்டிலும் அந்த நான்கு வாக்கியங்கள் தெளிவாக இருந்தன. முட்டி வலிக்கு எதற்காக இந்த வேலை என்று நீயாவது கேட்டிருக்கக்கூடாதா என்று தங்கையைக் கடிந்துகொண்டேன். அவள் சொன்னாள்: "சின்னப் பொண்ணு, ஆசையா வந்து கேட்டுச்சி. ஒரு வாட்டி வயிறு சுத்தமானா நமக்கு இன்னா நஷ்டம்னு வுட்டுட்டேன்."

கத்தரித்த அட்டைகள்

இரவுப் பணியிலிருந்து இறங்காமல் பகல் பணியையும் பார்த்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர், தங்கை வழக்கமாக விழுங்கும் மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். செல்வி பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். இரண்டு அட்டைத் துண்டுகள் விழுந்தன. இரண்டிலும் மஞ்சள் மாத்திரை, இரண்டும் சிறியவை, இரண்டிலும் பெயர் இல்லை. மருந்துக் கடையில் நான்கு வேண்டும், ஆறு வேண்டும் என்று கேட்கும்போது கத்தரியால் வெட்டித் தருகிறார்களே, அந்த வெட்டில் மருந்தின் பெயரும் காலாவதி நாளும் எப்போதும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. மருத்துவர் ஒரு துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மற்றதையும் பார்த்தார். ஒன்று உயிர் காப்பது, மற்றது உயிர் எடுக்கக்கூடியது. வேறுபாடு காண அவருக்குக் கிடைத்த சான்று நிறம் மட்டுமே.

ஐந்து மேசைகளிலும் தோற்ற என் தாள் அங்கே முதன்முறையாகப் பயன்பட்டது. வெள்ளிக்கிழமை மாத்திரையின் பெயரும் அளவும் அதில் இருந்தன. ஆனாலும் கையிலிருக்கும் துண்டுகளில் எது அது என்பதைத் தாள் சொல்லாது அல்லவா. இரண்டையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிவரச் சொன்னார். கீழே மருந்தகத்துக்குப் போனேன். மருந்தாளர் புதிய அட்டையை எடுத்தார், கத்தரியையும் எடுத்தார். பெயருள்ள பக்கத்தை எனக்குத் தருமாறு வேண்டினேன். அவர் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: "எல்லாரும் பேரு இருக்கற பக்கமே கேட்டா, பேரு இல்லாத பக்கத்த நான் யாருக்கு சார் விக்கறது?"

எந்தக் கிழமை

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் மருந்து அட்டவணையில் மாத்திரைகளை மூன்று எண்களால் எழுதுவர். காலை ஒன்று, பகல் இல்லை, இரவு இல்லை என்றால் 1-0-0. அழகான முறை, ஒரு நாளைக்குள் அடங்கும் எந்த மருந்துக்கும் பொருந்தும். இளம் மருத்துவர் என் தாளைப் பார்த்தே எழுதினார். மருந்தின் பெயர் சரி, அளவு சரி, நேரம் 1-0-0. கிழமைக்கு அட்டவணையில் இடமில்லை, ஆகவே கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்துத் தட்டு வந்தபோது, சின்னக் கிண்ணத்தில் இரண்டு மஞ்சள் மாத்திரைகளும் ஒன்றாகக் கிடந்தன.

நான் எழுந்து மறுக்குமுன் ஸ்டெல்லா கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மருந்து அட்டவணையை எடுத்தார், 1-0-0 என்பதைச் சிவப்பு மையால் அடித்தார், பக்கத்தில் பெரிய எழுத்தில் வெள்ளி என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பிறகு என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பள்ளிப்பிள்ளை போல, "வெள்ளிக்கிழமை மட்டும்" என்றேன். தங்கையையும் சொல்லச் சொன்னார், அவளும் சொன்னாள். நாற்பதாண்டு பாடம் நடத்தியவன் நான். கேட்டதை உடனே திருப்பிச் சொல்லச் செய்வதில் இத்தனை பாதுகாப்பு உண்டென்று அன்று அறிந்தேன். போகும்போது அவர் சொன்னார்: "ஐயா, இந்த மாத்திரைய எத்தன வேளைன்னு யாரும் கேக்கக்கூடாது. எந்தக் கிழமைன்னுதான் கேக்கணும்."

அழிக்கப்பட்ட குறியும் இடப்பட்ட குறியும்

தங்கைக்கு இரண்டு முழங்காலும் பழுது. முதலில் வலக்காலை மாற்றுவது என்று முடிவு. அறுவை நாளின் காலையில் அறுவை மருத்துவர் வந்து, வலத் தொடையில் அழியாத மையால் ஓர் அம்பு வரைந்து கையொப்பமிட்டுப் போனார். இடம் மாறாதிருக்க உலகெங்கும் செய்யும் ஏற்பாடு. அவர் போன பின் செல்வி தாயைக் குளிக்கவைத்தாள். அறுவைக்குப் போகிற உடம்பில் கறை இருக்கலாமா? தேங்காய் நார் கொண்டு தேய்த்தாள். அழியாத மைக்கு மயிலம் பக்கத்துத் தேங்காய் நாரின் வலிமை தெரியாது. அம்பும் போயிற்று, கையொப்பமும் போயிற்று. பின்னர் மயிலம் கோயில் விபூதியை எடுத்து, அன்று எந்த முழங்கால் அதிகமாக வலித்ததோ அதில் பட்டையாகப் பூசினாள். அது இடக்கால்.

பதினொரு மணிக்குத் தள்ளுபடுக்கையோடு வந்த ஊழியர் இரண்டு கால்களையும் பார்த்தார். ஒன்றில் ஒன்றுமில்லை, மற்றதில் குறி பளிச்சென்று இருந்தது. இடக்காலில் மருந்து தடவத் தொடங்கிவிட்டார். நான் எக்ஸ்ரே படத்தையும் கோப்பையும் நீட்டிக்கொண்டு நிற்க, ஸ்டெல்லா அறுவை மருத்துவரையே வரவழைத்தார். அவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வலத் தொடையில் அம்பு வரைந்து, இம்முறை செல்வியையும் பார்த்துக் கையொப்பமிட்டார். "எந்தக் கால்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்று கடைசியாக நோயாளியைக் கேட்டார். தங்கை சொன்னாள்: "ரெண்டுந்தான் சாமி வலிக்குது. உங்களுக்கு எது கைக்குத் தோதோ அத்தச் செய்ங்க."

இரண்டு மணிக்கு முன்னும் பின்னும்

அறுவை நன்றாக முடிந்தது, வலக்கால்தான். மறுநாள் பகல் வலி தாங்காமல் தங்கை முனகினாள். ஒன்று ஐம்பதுக்கு ஒரு செவிலி வலி ஊசி போட்டுவிட்டு, எழுதுவதற்குள் பேருந்துக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டாள். இரண்டு மணிக்குப் பணி மாறியது. இரண்டு பத்துக்கு வந்த செவிலி, மருந்து அட்டவணையில் காலை ஊசிக்குப் பிறகு வெற்றிடத்தைக் கண்டு, அதே ஊசியை மறுபடியும் மருந்தேற்றிக்கொண்டு நின்றாள். "இப்பத்தானம்மா குத்திட்டுப் போனாங்க" என்றாள் தங்கை. "அது காலைல போட்டதும்மா. மயக்கத்துல உங்களுக்கு அப்படித் தோணும்" என்றாள் செவிலி. நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு மருத்துவமனையில் சாட்சி மதிப்பு இல்லை. அது அறிகுறியாகப் பதிவாகும்.

என் குறிப்பேட்டில் நேரம் இருந்தது, ஊசி போட்டவர் பெயரும் இருந்தது. காட்டினேன். அவள் நம்பாமல் முந்தைய செவிலியைக் கைப்பேசியில் அழைத்தாள். பேருந்து இரைச்சலுக்கு நடுவே உண்மை வந்து சேர்ந்தது. போட்ட கையோடு எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்றேன், கற்பித்துப் பழகிய வாயால். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இருவத்தாறு பேருக்கு ரெண்டு பேரு இருக்கோம் சார். உங்க மாதிரி எழுதிக்கினு இருந்தா, ஊசி போடறதுக்கு நீங்கதான் வரணும்."

பார்க்க வந்தவர் மருத்துவம்

முகையூரிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணி வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு சம்படம் கேப்பைக் கூழ், முந்தானையில் முடிந்த நான்கு மாத்திரைகள். தனக்கு இடுப்பு வலிக்கு யாரோ கொடுத்தவை, கண்கண்ட மருந்து. நான் மருந்தகத்துக்கு இறங்கி ஏறுவதற்குள் ஒன்றைத் தங்கையின் வாயில் போட்டுத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. மருத்துவமனை தரும் வலி மாத்திரையும் அதுவும் ஒரே இனம் என்பதும், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியலாம் என்பதும் மருத்துவரைக் கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது. அன்றைய அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். வாசலில் காவலாளி டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறார். முந்தானையை யார் திறப்பது? அண்ணி கோபித்துக்கொண்டு புறப்பட்டாள்: "நான் என்னா வெஷமா குடுத்தேன்? நாலு வருசமா நானே போட்டுக்கினு மல்லாட்டக் கொல்லையில களை எடுக்கிறேன், எனக்கு என்னா ஆயிப்போச்சு?"

சூரியன், நடுப்பகல், நிலா

வெள்ளிக்கிழமை வந்தது, ஸ்டெல்லா தம் கையால் வெள்ளிக்கிழமை மாத்திரையைக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று ஸ்டெல்லா விடுப்பில் இருந்தார். மருத்துவர் தட்டச்சு செய்து தந்த வெளியேற்றச் சுருக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் அம்மாத்திரை வாரம் ஒன்று, வெள்ளிக்கிழமை என்று பிழையின்றி இருந்தது. மருந்தகத்தில் மாத்திரைகளைச் சிறிய காகித உறைகளில் போட்டுத் தந்தார்கள். உறையின் மேல் உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், பிறை நிலா என மூன்று கட்டங்கள். எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளலாம். மருந்தாளர் மஞ்சள் மாத்திரைகள் இரண்டுக்கும் உதிக்கும் சூரியனில் குறியிட்டார். வாரம் ஒன்று என்பதற்குக் கட்டம் இல்லையே என்று கேட்டேன். "அத வாயால சொல்லிடுவோம் சார்" என்றார். சொல்லவும் செய்தார், என்னிடம். செல்வி அப்போது வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு, தாயை ஏற்றும் பாட்டில் இருந்தாள்.

இனி எழுதுவது எழுத விருப்பமில்லாதது. நான் குறிப்பேட்டைத் திறந்து, "சுருக்கம்: வாரம் 1. உறை: நாளும் காலை 1. மருந்தாளர் வாய்மொழி: வெள்ளி" என்று ஒன்றுக்கொன்று மாறும் மூன்று வாசகங்களையும், எங்கள் துறை வழக்கில் மூன்று பாடங்களையும், வரிசைப்படுத்தி எழுதினேன். பாட வேறுபாடு கண்டால் திருத்தாமல், தீர்ப்பும் சொல்லாமல், கேட்டபடியே பதிவது எங்கள் துறையின் ஒழுக்கம். பதிந்த நிறைவோடு குறிப்பேட்டை மூடினேன். உறையின் மேல் வெள்ளி என்று மூன்று எழுத்து எழுதியிருக்கலாம். பேனா கையிலேயே இருந்தது. சுருக்கத்தைக் கசங்காமல் பிளாஸ்டிக் கோப்பில் வைத்து, உறைகளைத் தனியாகச் செல்வியிடம் கொடுத்து, விழுப்புரம் பேருந்துக்குப் புறப்பட்டேன். ஆட்டோ கிளம்பும்போது செல்வி தலையை நீட்டிச் சொன்னாள்: "நீங்க கவலப்படாதீங்க மாமா. கவர்ல போட்டுருக்கறத ஒரு வேளை தவறாம குடுத்துடுவேன்."

தவறாமல் கொடுத்தாள்

எட்டாம் நாள் காலை செல்வி கைப்பேசியில் அழைத்தாள். அம்மாவுக்கு வாயெல்லாம் புண், கூழ்கூட இறங்கவில்லை, நேற்றிலிருந்து காய்ச்சல், ஊர் மருந்துக் கடையில் சூடு என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள் என்றாள். என்ன மாத்திரைகள் கொடுக்கிறாய் என்று கேட்டேன். உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குறியிட்ட கட்டங்களை நிதானமாகப் படித்துக் காட்டினாள். வெள்ளிக்கிழமைக் கணக்கு தெரிந்த தாயும், ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றியிருப்பார்கள் என்று எண்ணி விழுங்கியிருக்கிறாள். கிருத்திகையன்று தாய் விரதம் இருப்பேன் என்று அடம்பிடித்தபோதும், மாத்திரைக்காக இரண்டு இட்லி தின்னவைத்ததைப் பெருமையோடு சொன்னாள். நான் குறிப்பேட்டைத் திறக்கவேண்டியிருக்கவில்லை. அந்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு கார் பிடித்துப் போனேன். தங்கையின் உதடுகள் வெடித்திருந்தன. பேச முடியாமல் கையால் வாயைக் காட்டினாள். விழுப்புரம் வரை செல்வி தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் கரெக்டாத்தான மாமா குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். கரெக்டாகத்தான் கொடுத்தாள். கொஞ்சம் அசட்டையான மகளாக இருந்து மூன்று நாள் மறந்திருந்தால் தாய் அந்த அளவுக்கு வதைபட்டிருக்கமாட்டாள்.

விழுப்புரத்தில் சேர்த்த மருத்துவமனையில் சோதித்தபோது, இரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. மாத்திரையின் நஞ்சை முறிக்கும் ஊசி போட்டுத் தனியறையில் வைத்தார்கள். முதல் மூன்று நாள், எங்களை முன்பு அறியாத அங்குள்ள மருத்துவர் எந்த உறுதியும் தரவில்லை. நான்காம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. ஏழாம் நாள் தங்கை கஞ்சி குடித்தாள். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, "படிச்சவங்க யாரும் கூட இல்லையா சார்?" என்று கேட்டார். நான்தான் இருந்தேன் என்றேன். அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

பதினோராம் நாள் காலை, வாய் ஆறியதும், கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததை எல்லாம் தங்கைக்கு விளக்கினேன்: எந்தத் தாளில் என்ன இருந்தது, எந்த உறையில் என்ன குறி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்கு நான் பதிந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும் கண்ணைத் திறந்து, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீ எழுதிக்கினே இருந்த, நான் முழுங்கிக்கினே இருந்தேன், அவ்ளோதான்ணா."

பின்னர் திண்டிவனத்து மருத்துவரையும் மருந்தாளரையும், ஊருக்குப் போய்ச் செல்வியையும் தனித்தனியே விசாரித்து, கடைசியில் என்னையும் விசாரித்துக்கொண்டதில், நான்கு வாயிலும் ஒரு சொல்கூட மாறாமல் கிடைத்த ஒரே பாடம், "நான் என் வேலையைச் சரியாத்தான் செஞ்சேன்" என்பதே.